குற்றவாளி சிப் அல்ல

“ஆர்டுயினோவில் ஓடலையா? ஈஎஸ்பி32-க்கு மாறிடு.” கல்லூரி ஆய்வகத்திலும் சென்னை ரிச்சி தெருக் கடைகளிலும் இந்த அறிவுரை தாராளமாகக் கிடைக்கிறது. கேட்ட மாணவன் காசைத் திரட்டிப் புதுப் போர்டு வாங்குகிறான். பழைய பிழையும் கூடவே குடிவருகிறது. சின்ன சிப் என்றால் போதாத சிப் என்ற இந்த நம்பிக்கை, பிழையைத் தேடிப் பிடிக்கும் பழக்கத்தையே அவனிடமிருந்து பறித்துவிடுகிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உனோ போர்டில் இருக்கும் ஏடிமெகா328பி-யை எடுத்துக்கொள்வோம். அதன் ரேம் 2048 பைட். புரோகிராம் நடுவில் ஹேங் ஆகிறது. எங்கே என்று பார்க்க, வரிக்கு வரி சீரியல் பிரிண்ட் சேர்க்கிறோம். சேர்க்கச் சேர்க்க இன்னும் மோசமாகிறது. உடனே, “மெமரி பத்தல, பெரிய சிப் வாங்கு” என்று தீர்ப்பு வந்துவிடும். ஆனால் நடந்தது என்ன? மேற்கோள் குறிக்குள் எழுதிய ஒவ்வொரு வாசகமும், சிப்புக்குக் கரண்ட் வந்த உடனே ஃபிளாஷிலிருந்து ரேமுக்கு நகலாகிறது. நாற்பது எழுத்து வாசகம் முப்பது இருந்தால் 1200 பைட்டுக்கு மேல் அங்கேயே காலி. மேலிருந்து இறங்கி வரும் ஸ்டாக், மிச்ச இடம் போதாமல் வேரியபிள்கள் மேலேயே எழுதிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. அந்த வாசகங்களை எஃப் மேக்ரோவுக்குள் போட்டால் 32 கிலோபைட் ஃபிளாஷிலேயே தங்கிவிடும். ஒரு எழுத்து, ஒரு ஜோடி அடைப்புக்குறி, அவ்வளவுதான் செலவு.

ரிலே விழும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆகிறதா? அதற்கும் சிப் மேல்தான் பழி. டிரான்சிஸ்டர் வழியாக ரிலேயை ஓட்டினீர்களா, காயிலுக்குக் குறுக்கே டயோடு உண்டா, சிப்பின் விசிசி, கிரவுண்ட் கால்களை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஒட்டி என்றால் ஒட்டித்தான். பிரெட்போர்டின் மறுகோடியில் செருகிப் பயனில்லை. சப்ளை தள்ளாடும் இடத்தில் ஈஎஸ்பி32-ஐ வைத்தால், வைஃபை அனுப்பும் கணத்தில் அது சில நூறு மில்லிஆம்பியர் கேட்கும். முன்பைவிடச் சீக்கிரம் விழும்.

சுவிட்சை ஒருமுறை அழுத்தினால் உள்ளே தகடு சில மில்லிசெகண்ட் துள்ளும். வேகமான சிப் அந்தத் துள்ளல்களை ஒன்றுவிடாமல் எண்ணும். டிலேயில் உட்கார்ந்திருக்கும் புரோகிராமுக்கு 16 மெகாஹெர்ட்ஸும் ஒன்றுதான், 240 மெகாஹெர்ட்ஸும் ஒன்றுதான்; மில்லிஸ் பார்த்து எழுதினால்தான் விடிவு.

“ஏடிடைனி85 ரொம்ப ஸ்லோ” என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதன் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை எட்டால் வகுக்கும்படி ஃபியூஸ் போட்டிருப்பார்கள். அதை மாற்றாமல் 8 மெகாஹெர்ட்ஸ் என்று கம்பைல் செய்தால், ஒரு செகண்டுக்கு ஒருமுறை மின்ன வேண்டிய எல்இடி எட்டு செகண்டுக்கு ஒருமுறை மின்னும். செட்டிங் செய்த தப்புக்கு சிப்புக்குக் கெட்ட பெயர்.

கேமரா படத்தை அலச வேண்டும், வைஃபையில் பேச வேண்டும் என்றால் பெரிய சிப் வேண்டும்தான், அதில் சண்டையில்லை. ஆனால் மண் ஈரம் பார்த்து மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ப்ராஜெக்டுக்கு இரண்டு கோர் எதற்கு? ஏடிடைனி85-இன் 8 கிலோபைட்டுக்குள் அடக்கச் சொல்லுங்கள். அடங்கவில்லையா, எது இடத்தை அடைக்கிறது, எத்தனை பைட் கூடுதல் என்று மாணவன் கணக்குக் காட்டட்டும். அதற்கப்புறம் பெரிய போர்டைக் கொடுங்கள்.