குறியீட்டுக் கல்வி: சந்தைச் சரக்கா, மக்கள் சொத்தா?

மருத்துவக் குறியீட்டுத் தொழில் என ஒன்று இன்று நம் இளைஞர் செவியிற் பெரிதாக ஒலிக்கின்றது. சில மாதப் படிப்பு, உடனே வேலை, கை நிறையச் சம்பளம் என்று இணையவழி வகுப்பு விற்போர் முழங்குகின்றனர். வன்னிப் பெற்றோர் தாலிக்கொடியை அடகுக் கடைக்குக் கொண்டு செல்லுமுன் உண்மையை அறிந்துகொள்ளல் வேண்டும்.

அத்தொழில் யாது? வைத்தியர் எழுதிவைத்த குறிப்பைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய இலக்கத்தை இடுவதே அது. வயலில் விரியன் தீண்டியவனின் பதிவேட்டில் பாம்பு நஞ்சுக்கென இடப்படுவது 'டி 63.0' என்னும் குறி. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. பத்தாம் திருத்தம் வகுத்த குறி அது. அமெரிக்காவிலோ குறியின்றிக் காப்புறுதிக் கம்பனி பணம் கொடாது. அங்கே குறி என்றாற் காசு. 2015 ஒக்டோபர் 1 முதல் அந்நாடு பத்தாம் திருத்தத்தின் தன் பதிப்பைக் கட்டாயமாக்கி, ஏறத்தாழ 70,000 நோய்க்குறிகளைக் கையாள்கின்றது. அப்பெருவேலையின் ஒரு பங்கு சென்னைக்கும் திருச்சிக்கும் வந்து, உயிரியல், மருந்தியல், தாதியியல் கற்ற எத்தனையோ பேருக்குச் சோறு போடுகின்றது. இதனை யாம் மறுக்கவில்லை. சென்னையிற் கூடுவது கிளிநொச்சியிற் கூடாதோ என்ற வினாவும் நியாயமானதே.

ஆனால், விற்பனையாளர் வாய் திறவாத செய்திகள் சில உள. அமெரிக்கக் குறியீட்டாளர் சங்கம் நடத்தும் சி.பி.சி. பரீட்சை ஆங்கிலத்தில் நிகழ்வது. நான்கு மணி நேரத்தில் 100 வினாக்கள். தேறுவதற்கு நூற்றுக்கு 70 வேண்டும். தேறியவனுக்கும் முன் அனுபவம் இல்லையெனில் பட்டத்தோடு 'பயிலுநர்' என்ற ஒட்டும் சேர்ந்தே வருகின்றது. அனுபவம் இல்லாதவனுக்கு வேலை அரிது. வேலை இல்லாதவனுக்கு அனுபவம் ஏது? எளிய குறிகளை இடும் பணியைக் கணினியே செய்யத் தொடங்கிவிட்டமையையும் அவர்கள் சொல்வதில்லை. நம் அரசாங்க வைத்தியசாலைகளில் வைத்தியம் இலவசம்; ஆகவே காப்புறுதிப் பட்டியல் எழுதும் உத்தியோகம் அங்கே இல்லை. சான்றிதழ் வேறு, நியமனக் கடிதம் வேறு என்பதைப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

வன்னி விவசாயியின் நிலை யாது? பலருடைய காணி, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி. அதனை விரும்பியவாறு ஈடு வைத்தல் இயலாது. எஞ்சுவது மனைவியின் நகை. அதுவும் போனால் நுண்கடன். ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகம் உண்டு. கட்டணம் கட்டி ஏமாந்த பிள்ளையின் இழந்த ஆண்டு எந்த மாரியில் மீளும்?

மொழியை நோக்குவோம். நம் மாணவர் உயர்தர உயிரியலைத் தமிழிற் கற்றவர். ஈரல், சிறுநீரகம், சதையி என்று அறிந்தவனை, கிரேக்க இலத்தீன் வேர்ச்சொற்கள் நிறைந்த நோய்ப்பெயர்க் காட்டில் வழிகாட்டியின்றி விடுவது கல்வியன்று. தமிழில் விளக்கி ஆங்கிலத்திற் பயிற்றும் ஆசிரியரே முதல் தேவை. அத்தகைய ஆசிரியர் இல்லாத வகுப்பு, காசு பறிக்கும் வகுப்பு.

இத்தொழிலை ஒதுக்கிவிடுக என்று யாம் சொல்கின்றோமா? இல்லை. அதன் மெய்யான பயன் நம் மண்ணிலேயே உள்ளது என்கின்றோம். இலங்கை வைத்தியசாலைகளின் நோய்ப் புள்ளிவிபரமும் இதே ஐ.சி.டி. குறிகளிலேயே தொகுக்கப்படுகின்றது. எங்கே டெங்கு, எங்கே பாம்புக்கடி, எங்கே சிறுநீரக நோய் என்பதைக் கொழும்பு அறிவது அக்குறிகளால். குறி பிழைத்தால் கணக்குப் பிழைக்கும். கணக்குப் பிழைத்தால் மருந்தும் வைத்தியரும் வாரா.

போர்க் காயத்துக்கும் 'வை 36' என்றொரு குறி உண்டு. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திற் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை வீச்சுக்கு உள்ளாயிற்று. நோயாளர் இடம் மாறி இடம் மாறி ஓடினர். பதிவேடுகள் அவர்களோடு ஓடினவா? 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இழப்பீட்டு அலுவலகத்தை நிறுவியது. இழப்பீடு கேட்டு நிற்பவனிடம் சட்டம் முதலிற் கேட்பது ஆதாரம். காலை இழந்தவன் காலைக் காட்டலாம். எப்பொழுது, எவ்வாறு இழந்தான் என்று காட்டப் பதிவேடு வேண்டுமன்றோ? வைத்தியப் பதிவேட்டை ஒழுங்காக எழுதிக் காக்கத் தெரிந்த ஒரு தலைமுறை இம்மண்ணுக்கு வேண்டும் என்பது இதனாலேயே.

ஆகவே எமது கோரிக்கைகள் இவை:

ஒன்று: 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மூன்றாம் நிலை, தொழிற்கல்விச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெறாத நிறுவனம் எதற்கும் ஒரு சதமும் கொடாதீர். வேலை உறுதி என்போரிடம் அதனை எழுத்தில் வாங்குக. வேலை கிடையாவிடிற் கட்டணம் மீளும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கட்டும். கையொப்பமிட மறுப்பவனின் வாக்குறுதி காற்றோடு போக.

இரண்டு: அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கின்றது. 2021 முதல் வவுனியாவுக்குத் தனிப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. மருத்துவப் பதிவேட்டுக் கல்வியை இவற்றில் அரசு தன் செலவிலே தொடங்கட்டும்.

மூன்று: கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வைத்தியசாலைகளின் பதிவேட்டு அறைகளிற் பயிலுநர் இடங்களை மத்திய அமைச்சும் மாகாணத் திணைக்களமும் திறக்கட்டும். அங்கே பெறும் அனுபவம் நம் மக்களுக்குப் பணி. பின்னர் வெளிநாட்டு வேலை தேடுவோனுக்கு அது கைம்முதல்.

வைத்தியர்களே, கணக்காளர்களே, ஆசிரியர்களே! மாதத்தில் ஒரு ஞாயிறு இப்பிள்ளைகளுக்கு வழி சொல்லுங்கள். விவசாயப் பெருமக்களே! விதைநெல்லைக் கையிலெடுத்துப் பாராமல் வாங்கமாட்டீர்கள். பிள்ளையின் படிப்பையும் அவ்வாறே பார்த்து வாங்குங்கள். பார்க்க விடாதவன் விற்பது பதர்.