பிஸ்கட் வரும் பின்னே, நாய்க்குட்டி வரும் முன்னே

ஒரு வீட்டுக்கு நாய்க்குட்டி வரப்போகிறது என்றால் அந்த வீடு ஒரு மாதத்துக்கு முன்பே கல்யாண வீடு மாதிரி ஆகிவிடுகிறது. பேர் வைப்பதில் சண்டை. எந்த மூலையில் படுக்க வைப்பது என்று பட்டிமன்றம். 'ராத்திரி கத்தினா யாரும் என்னை எழுப்பக் கூடாது' என்று அப்பாவின் முன்னெச்சரிக்கை அறிக்கை. பெல்ட், செயின், தட்டு, கடிக்க ஒரு ரப்பர் பந்து என்று ஷாப்பிங் லிஸ்ட் நீள்கிறது. இந்த அமர்க்களத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பது ஓவன். குட்டி அங்கே தாயின் மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும். இங்கே அண்ணனும் தங்கையும் எலும்பு வடிவ அச்சில் மாவை வெட்டி, தட்டில் அடுக்கி, பேக் செய்து, கண்ணாடி ஜாடியில் போட்டு, ஜாடிக்கு ரிப்பனும் கட்டிவிடுவார்கள்!

கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. இது நல்ல விஷயம்தான். ஆனால் செய்கிற நேரமும், செய்கிற அளவும் தப்பு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். நாய் பிஸ்கட் என்ற சரக்கே ஒரு வியாபாரியின் யோசனைதான். ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் 1860 வாக்கில் லண்டனில் அதைத் தயாரித்து விற்க ஆரம்பித்தார். கப்பல்காரர்கள் தின்னும் கல் மாதிரியான ரொட்டியைத் துறைமுக நாய்கள் பொறுக்கித் தின்பதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த எண்ணம் வந்ததாகச் சொல்வார்கள். அவரிடம் வேலை பார்த்த சார்லஸ் க்ரஃப்ட் என்பவர்தான் 1891-ல் புகழ்பெற்ற 'க்ரஃப்ட்ஸ்' நாய்க் கண்காட்சியைத் தொடங்கினார். அதாவது பிஸ்கட்டும் விளம்பரமும் அன்றைக்கே ஜோடி. அதற்கு முன்பு ஆயிரக்கணக்கான வருடங்கள் நாய்கள் மனிதன் போட்டதைத் தின்றுதான் வளர்ந்தன. 2013-ல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு விஷயத்தை எழுதினார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு, ஓநாய்களைவிட நாய்களிடம் பல மடங்கு அதிகப் பிரதிகளாக இருக்கிறது என்று. மனிதனோடு சேர்ந்து சாப்பிட்டே நாயின் வயிறு மாறியிருக்கிறது. ஆகவே கோதுமையும் கேழ்வரகும் நாய்க்கு ஆகாது என்று பயப்படத் தேவையில்லை.

கடைப் பொருள் மீது சந்தேகம் வருவதற்கும் காரணம் இருக்கிறது. 2007 மார்ச்சில் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட பிராண்டு நாய், பூனை உணவுகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் பொருள் அது. அதில் நைட்ரஜன் அதிகம் என்பதால், சோதனையில் புரதம் கூடுதலாக இருப்பதுபோல் காட்டும். சாப்பிட்ட பிராணிகளுக்குச் சிறுநீரகம் கெட்டது, ஏராளமானவை செத்துப்போயின. அதற்குப் பிறகு 'நம் கையால் செய்து போட்டால் என்ன போட்டோம் என்றாவது தெரியும்' என்று பலர் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. வீட்டில் பிஸ்கட் செய்பவர்களின் முக்கியமான வாதம் இதுதான். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

சரி, அப்புறம் என்ன தப்பு?

குட்டி வந்த முதல் நாளை யோசித்துப் பாருங்கள். தாயையும் கூடப்பிறந்த குட்டிகளையும் விட்டுவிட்டு வந்திருக்கிறது. புது வாசனை, புதுத் தரை, சுற்றி ஐந்து பேர். அந்தக் கலவரத்திலேயே அதன் வயிறு பாதி கெட்டிருக்கும். அந்த நேரம் பார்த்து அம்மா பால் வைக்கிறார், தம்பி ஜாடியைத் திறக்கிறான், பக்கத்து வீட்டு மாமி குட்டி பார்க்க வந்த கையோடு ஒரு மேரி பிஸ்கட் கொடுக்கிறார். மறுநாள் காலையில் பேதி. 'பிஸ்கட் ஒத்துக்கலை போல, நாளைக்குச் சரியாயிடும்' என்று வீடே ஒருமனதாகத் தீர்ப்பு சொல்கிறது.

ஆபத்தே அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது. பார்வோ என்று ஒரு வைரஸ் இருக்கிறது. 1978-ல்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. தடுப்பூசி வரிசை முடியாத குட்டிகளைத்தான் அது அதிகம் தாக்கும். வாந்தி, பேதி, பிறகு ரத்தம் கலந்த பேதி, சோர்வு, சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்காமை. கிருமி உள்ளே போய்ச் சுமார் 3 முதல் 7 நாளில் அறிகுறி தெரியும். கணக்குப் போட்டால் புரியும். பிறந்த இடத்திலேயே தொற்றியிருந்தால், அது வெளிப்படுவது புது வீட்டின் முதல் வாரத்தில்! அதாவது வீட்டார் விதவிதமாகத் தின்னக் கொடுக்கும் அதே வாரத்தில். சீக்கிரமே மருத்துவரிடம் கொண்டுபோய் டிரிப்ஸ் ஏற்றினால் பெரும்பாலான குட்டிகள் பிழைத்துவிடுகின்றன. ஏற்றாவிட்டால் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. நடுவில் கைநழுவுவது ஒரு நாள், ஒன்றரை நாள். 'பிஸ்கட்டாலதான் இருக்கும்' என்று காத்திருந்த அந்த ஒன்றரை நாள்.

புதிதாக எதுவுமே கொடுக்காத வீட்டில் இந்தக் குழப்பம் இல்லை. பழைய சாப்பாட்டையே கொடுத்தும் பேதி ஆகிறது என்றால் உடனே ஆட்டோ பிடிக்கலாம். இதற்காகவே முதல் வாரம் ஓவனுக்கு லீவு. பிறந்த இடத்தில் என்ன சாப்பிட்டதோ அதையே, அதே வேளைக்கு, சின்னச் சின்னப் பங்காக நாலு வேளை கொடுக்க வேண்டும். குட்டியை வாங்கும்போது அந்தச் சாப்பாட்டில் ஒரு வாரத்துக்கானதையும் சேர்த்து வாங்கி வருவது, ரிப்பன் ஜாடியைவிட நல்ல ஏற்பாடு. பசும்பால் வேண்டவே வேண்டாம். நிறையக் குட்டிகளுக்குப் பசும்பாலே பேதியைக் கிளப்பிவிடும்.

(இன்னொன்று. '45 நாள் குட்டி' என்று சொல்லி விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்தியாவில் 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. எட்டு வாரம் என்றால் 56 நாள். கணக்குத் தெரிந்தவர்கள் கேட்கலாம்!)

குட்டி வருவதற்கு முன்பு அந்த உற்சாகத்தை எங்கே செலவழிப்பது? வேலைக்கா பஞ்சம்? பக்கத்தில் எந்தக் கால்நடை மருத்துவர் ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரியும் பார்ப்பார் என்று விசாரிப்பது. தாய் நாய்க்குத் தடுப்பூசி போட்டார்களா, குட்டிக்குப் பூச்சி மருந்து எப்போது கொடுத்தார்கள் என்று கேட்டுத் தேதியோடு எழுதி வாங்குவது. தரையில் கிடக்கும் ஒயர்களைத் தூக்கிக் கட்டுவது. முக்கியமாக, அந்த வீட்டிலோ அந்த இடத்திலோ முன்பு ஒரு குட்டி பேதியில் செத்திருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்வது. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இதெல்லாம் போட்டோவுக்கு அழகாக இருக்காது, அதனால்தான் யாரும் இதைச் சொல்லிப் பெருமைப்படுவதில்லை.

ஒரு வாரம் போயிற்று. குட்டி ஒழுங்காகச் சாப்பிடுகிறது, ஒழுங்காக 'போகிறது'. இப்போது ஓவனைத் தாராளமாக மூட்டலாம். ஆனால் அந்த எலும்பு அச்சு மட்டும் வேண்டாம். அது மனிதக் கண்ணுக்காகச் செய்தது. நாய்க்கு வடிவம் ஒரு பொருட்டே இல்லை, வாசனைதான் கணக்கு. குட்டிக்கு இந்தத் தின்பண்டம் சாப்பாடு அல்ல, சம்பளம். பேர் சொல்லிக் கூப்பிட்டதும் வந்தால் ஒன்று, வெளியே போய் மூத்திரம் இருந்தால் ஒன்று, உட்கார்ந்தால் ஒன்று. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் ஒவ்வொன்றும் பட்டாணி அளவுதான் இருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 3 கிலோ எடையுள்ள குட்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 480 கலோரி தேவைப்படும். சில்லறைத் தீனி மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. அதாவது 48 கலோரி. ஒரு மேரி பிஸ்கட்டே சுமார் 25 கலோரி வரும். டீ குடிக்கும்போது அப்பா இரண்டு பிஸ்கட்டை உடைத்துப் போட்டால் அன்றைய கோட்டா காலி! அதற்கு மேல் போடுவதெல்லாம், எலும்பும் சதையும் வளர வேண்டிய வயிற்றில் சர்க்கரையையும் மைதாவையும் அடைக்கிற வேலை.

ஒன்றேகால் தம்ளர் கோதுமை மாவு (120 கிராம் போல), அதில் பாதி கேழ்வரகு மாவு, ஒரு முட்டை, வேக வைத்து மசித்த மஞ்சள் பூசணி அரைக் கப். உப்பு இல்லை, சர்க்கரை இல்லை, வெல்லமும் இல்லை. சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, தட்டி, கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு 200 துண்டாக்கலாம். 175 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். ஓவன் இல்லாத வீட்டில் கனமான பாத்திரத்தை மூடிபோட்டுச் சிறு தீயில் வைத்தாலும் வேலை நடக்கும். மொத்தக் கலவையும் சுமார் 700 கலோரி, ஆகவே துண்டுக்கு மூன்றரை. ஒரு நாளைக்குப் பதின்மூன்று துண்டு கொடுக்கலாம். இரண்டு மேரி பிஸ்கட்டில் இரண்டு முறைதான் பாராட்ட முடியும், இதில் பதின்மூன்று முறை. வீட்டில் செய்வதன் உண்மையான லாபம் இதுதான். கெமிக்கல் இல்லை, ஆர்கானிக் என்ற பேச்செல்லாம் அப்புறம்.

கல் மாதிரி முறுகவும் விடக் கூடாது, குட்டிக்கு இருப்பது பால் பல். மெத்தென்று எடுத்தால் ஒரு சிக்கல் இருக்கிறது. சென்னை மாதிரிப் புழுக்கமான ஊரில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும். வெளியே வைக்கிற அலங்கார ஜாடிக்கு இங்கேயும் வேலை இல்லை. ஃப்ரீசரில் வைத்துவிட்டு அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுக்க வேண்டும்.

செய்முறை தேடுபவர்கள் ஒரு விஷயத்தில் கண்ணை அகல விரித்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகளில் பாதிக்கு மேல் பீனட் பட்டர் கேட்கும். சில பீனட் பட்டர்களில் சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்க்கிறார்கள். மனிதனை அது ஒன்றும் செய்யாது. நாய்க்கு அது இன்சுலினைக் கிளப்பிவிட்டு ரத்தத்தில் சர்க்கரையைத் தடாலென்று இறக்கும், ஈரலையும் கெடுக்கும். சுகர் ஃப்ரீ சூயிங் கம்மிலும் அது இருக்கும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு, ஜாதிக்காய் எதுவும் மாவில் விழக் கூடாது. நம் ஊர் கேக் பழக்கத்தில் 'வாசனைக்கு' என்று கை தானாகப் போவது கடைசியில் சொன்னதை நோக்கித்தான். அதே சமையலறையில் ஈஸ்ட் போட்ட ரொட்டி மாவு உப்பிக்கொண்டிருந்தால் அதை உயரத்தில் வைக்க வேண்டும். குட்டி அதைத் தின்றால் வயிற்றுக்குள்ளும் உப்பும், சாராயமும் உண்டாகும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு பிரச்சினை மிச்சம் இருக்கும். அதுதான் பாட்டி. 'வாயில்லா ஜீவன், பார்த்துக்கிட்டே இருக்கே' என்று முந்தானைக்குள்ளிருந்து ஒரு பிஸ்கட் வரும். பேரன் கலோரிக் கணக்கு சொன்னால் 'நாங்க வளர்க்காத நாயா?' என்று பதில் வரும். பாட்டி சொல்வதும் முழுக்கத் தப்பில்லை. மோர் சாதம் தின்று பத்து வருடம் வாசலைக் காத்த நாய்கள் உண்டு. செத்துப்போன குட்டிகளைத்தான் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

பாட்டியோடு வாதாடி ஜெயித்த பேரன் கிடையாது. அதனால் வேறு வழி பார்க்கலாம். காலையில் ஃப்ரீசரிலிருந்து பதின்மூன்று துண்டை எண்ணி ஒரு சின்ன டப்பாவில் போட்டு, டப்பாவைப் பாட்டியின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். சம்பளம் போடும் பொறுப்பு அவருக்கு. 'வா' என்று கூப்பிட்டு வந்தால் ஒன்று, அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் குட்டி வீட்டில் வேறு யார் பேச்சைக் கேட்கிறதோ இல்லையோ, பாட்டி பேச்சைக் கேட்க ஆரம்பித்திருக்கும். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான் என்று பேரனிடம் கறாராகச் சொல்வதும் பாட்டியாகத்தான் இருக்கும் :-)