பெயர் போட்டால் போதுமா?

ஐந்தாம் படிவத்தில் கூடுதல் கணிதப் பாடத்திற்கு எங்கள் குழு ஒரு செயல்திட்டம் செய்தது. நான்கு பேர். ஒரு தோழி மட்டும் கணக்கு முழுவதையும் செய்தாள். ஒருவர் அட்டை வரைந்தார், ஒருவர் தட்டச்சு செய்தார். நான் கடைக்குப் போய் பைண்டிங் போட்டு வந்தேன். நால்வருக்கும் ஒரே புள்ளி. அன்று எனக்கு மகிழ்ச்சிதான்.

பல்கலைக்கழக முதலாண்டில் அதற்கு விலை கொடுத்தேன். நுண்கணிதத் தேர்வில் உச்ச மதிப்பைக் காணச் சொல்லிக் கேள்வி வந்தது. வகைக்கெழுவைச் சுழியத்திற்குச் சமமாக்க வேண்டும் என்பது நினைவில் இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. எதை வகையிட வேண்டும் என்பதும் தெரியவில்லை. அந்தப் பாடத்தை இரண்டாம் முறை எடுக்க வேண்டியதாயிற்று.

எனவே குழுச் செயல்திட்டமே வீண் என்று சொல்ல வரவில்லை. சரியாகச் செய்தால் அதைப் போல் கணிதம் கற்பிக்கும் வழி வேறில்லை என்பதே என் கருத்து. கடந்த விடுமுறையில் அதைக் கண்ணால் பார்த்தேன்.

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்தில் ஐந்தாம் படிவ மாணவர்கள் மூவர் கோயில் மண்டபத்தில் என்னிடம் பாடம் கேட்க வந்தார்கள். புத்தகத்தில் இருந்த அட்டைப்பெட்டிக் கணக்கை ஒதுக்கிவிட்டு, சுற்றியிருந்த செம்பனையைக் காட்டிக் கேட்டேன்: "ஒரு ஹெக்டரில் எத்தனை மரம் நட்டால் விளைச்சல் அதிகம்?"

"எனக்குக் கணக்கு வராது அக்கா," என்று முதலில் ஒதுங்கிய பையன்தான் மறுநாள் தாத்தாவிடம் கேட்டு வந்தான். "30 அடி இடைவெளி, முக்கோணமா நடுவாங்களாம். நெருக்கி நட்டா வெயிலுக்காக மரம் உயரமா ஓடிடும், குலை வெட்டுறது கஷ்டமாம்." அதே 30 அடியில் சதுரமாக நட்டால் ஹெக்டருக்குச் சுமார் 120 மரங்கள், முக்கோணமாக நட்டால் 138. இதை வரைந்து கண்டுபிடித்தவள் படம் வரைவதில் கெட்டிக்காரி.

பிறகு கணக்குக்காக ஓர் எளிய அனுமானம் வைத்துக்கொண்டோம். ஹெக்டருக்கு n மரங்கள் இருந்தால், ஒரு மரம் ஆண்டுக்கு 300 − n கிலோ குலை தரும். மரம் கூடக் கூட ஒவ்வொன்றின் பங்கும் குறையும். மொத்த விளைச்சல் n(300 − n). வகையிட்டால் 300 − 2n. அது சுழியமாகும் இடம் n = 150; விளைச்சல் 22,500 கிலோ. 100 மரம் நட்டாலும் 200 மரம் நட்டாலும் 20,000 கிலோதான்.

மூன்றாமவன் கேட்டான்: "விடை 150 என்றால், தோட்டங்களில் ஏன் அவ்வளவு நடுவதில்லை?" நம் நாட்டில் பொதுவாக ஹெக்டருக்கு 136 முதல் 148 மரங்கள் வரை நடுகிறார்கள். 140 மரத்திற்குக் கணக்குப் போட்டுப் பார்த்தோம்: 22,400 கிலோ. பத்து மரம் குறைந்தும் இழப்பு வெறும் 100 கிலோ! பத்து கன்றின் விலையும் உரமும் மிச்சம்.

உச்சத்தின் அருகே வளைகோடு ஏறத்தாழ சமதளமாகிவிடுகிறது. வகைக்கெழு சுழியம் என்பதன் பொருளே அதுதான். நான் இரண்டு முறை படித்த பாடம் எனக்கே அன்றுதான் விளங்கியது.

இது புதிதும் அல்ல. 1613-இல் தன் திருமணத்திற்கு மது வாங்கிய கெப்லர், வியாபாரி ஒரே ஒரு கோலைப் பீப்பாய்க்குள் விட்டு விலை சொன்னதைப் பார்த்து வியந்தார். எந்த வடிவப் பீப்பாய் அதிகம் கொள்ளும் என்று ஆராய்ந்து 1615-இல் நூலே எழுதினார். உச்சத்தின் அருகே மாற்றம் மிகச் சிறியது என்பதை அவரும் கவனித்தார். அவருக்குப் பீப்பாய், நமக்குச் செம்பனை.

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை" என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயம்தான். எஸ்.பி.எம். தேர்வு காத்திருக்கவில்லை. ஆனால் வகையீட்டுப் பாடத்தில் இத்தகைய கணக்குகள் எப்படியும் உண்டு. ஆண்டுக்கு ஒன்றை மட்டுமாவது மாணவர்கள் வாழும் இடத்திலிருந்து எடுக்கலாமே? தஞ்சோங் காராங்கில் நெல் வயல், இங்கே செம்பனை, வீட்டுக்குப் பின்னால் கோழிக்கு வேலி. கேள்விக்குப் பஞ்சமில்லை.

இன்னொன்றும் வேண்டும். அறிக்கை கொடுத்த பிறகு, குழுவில் ஒருவரைச் சீட்டுப் போட்டு அழைத்து, "இந்த வரி எப்படி வந்தது?" என்று ஐந்து நிமிடம் கேளுங்கள். அவர் பதிலுக்கே குழு முழுவதற்கும் புள்ளி. அப்போது கணக்குத் தெரிந்தவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும். பைண்டிங் போட்டவரும் கேட்டே ஆக வேண்டும். அன்று என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தால் எனக்கு ஓர் ஆண்டு மிச்சமாகியிருக்கும்.

தம்பி தங்கைகளே, "கூடுதல் கணிதம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று யாராவது கேட்டால் தயங்காதீர்கள். அந்தக் கணக்கின் நடுவில்தான் நாம் வளர்ந்தோம். அடுத்த செயல்திட்டத்தில் உங்கள் பெயரை எழுதும் முன், ஒரு வரியையாவது நீங்களே போட்டுப் பாருங்கள்.