குளிர் குறையும்போது குமிழைத் திருகலாமா?

ஆரம்ப சுகாதார நிலையத்துக் குளிர்சாதனப் பெட்டியில் குளிர் குறைந்தால், உடனே கட்டுப்பாட்டுக் குமிழைக் கடைசி எண்வரை திருகிவிடுவோர் பலர். இவ்வழக்கம் கைவிடத்தக்கது என்பதே எமது கருத்து.

பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்றுகிறது. பின்புறக் குழாய்ச்சுருளில் தூசி படிந்தாலும், பெட்டி சுவரை ஒட்டி நின்றாலும் அவ்வெப்பம் எளிதில் வெளியேறாது. கதவின் ரப்பர்ப் பட்டை தளர்ந்தால் ஈரக்காற்று புகுந்து உறைபனி தடிக்கும். அப்பனியே குளிர் பரவுவதைத் தடுக்கும். கதவிடுக்கில் தாளொன்றை வைத்து மூடி இழுத்துப் பார்க்க. தடையின்றி வந்தால் பட்டை பழுதென்று அறிக. ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கும் செய்துகாட்டலாம்.

தடுப்பு மருந்துக்கு வேண்டியது 2 முதல் 8 பாகை செல்சியஸ். காரணம் ஆராயாது குமிழைத் திருகினால், இரவில் வெளிவெப்பம் தணிந்ததும் முத்தடுப்பு மருந்து உறைந்துவிடக்கூடும். உறைந்ததை உருக்கினாலும் இழந்த வீரியம் மீளாது. அதனை ஏற்ற குழந்தைக்கு உரிய காப்பும் கிட்டாது. ஆகவே, குமிழைத் தொடுமுன் வெப்பமானியை நோக்குக.