தாத்தா காலத்து ஏலியன், நம்ம காலத்து 'வடக்கன்'

'டெஸ்ட்ராய் ஆல் ஹியூமன்ஸ்!' வீடியோ கேமை விளையாடி வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, "அந்தக் காலத்து அமெரிக்கக்காரன் எவ்வளவு லூசா இருந்திருக்கான் பாரு" என்று சொல்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. அதிலும் அனுப்பர்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்கிறவர்களோடு.

விளையாடாதவர்களுக்காக: 2005-இல் பாண்டெமிக் ஸ்டூடியோஸ் உருவாக்கிய கேம், 2020-இல் மெருகேற்றி மறுபடி வந்தது. கதை நடப்பது 1959-இல். இதில் நாம்தான் ஏலியன், பேர் கிரிப்டோ. பெரிய தலை, சாம்பல் தோல், பறக்கும் தட்டு என்று எல்லாமே பழைய அமெரிக்கப் படங்களின் சரக்கு. இறங்கினதும் மாடுகள்தான் பூமியை ஆள்கின்றன என்று நினைத்து அவற்றை மிரட்டுகிறான். ஆட்களின் மண்டைக்குள் ஓடுவதை ஒட்டுக்கேட்கிறான். ஊரே எரிந்தாலும் பழி என்னவோ கம்யூனிஸ்ட்டுகள் மேல்தான் விழுகிறது.

கிண்டலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நூலில் ஆடும் அட்டைத் தட்டைப் பார்த்துச் சிரிக்க இவ்வளவு பெரிய கேம் எதற்கு? 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்' (1956) பக்கத்து வீட்டுக்காரனையே சந்தேகப்பட வைத்த படம். அந்தச் சந்தேகத்தைத்தான் கேம் குத்துகிறது. இன்னொன்று. கிரிப்டோ மனித மூளையைத் தேடி அலைவதே, அவன் முன்னோர்கள் எப்போதோ வந்து விட்டுப்போன மரபணு மனிதர்களிடம் மிச்சம் இருப்பதால்தான். வந்தேறி என்று துரத்துகிறவன் உடம்பிலேயே வந்தேறி ரத்தம்! சிரித்தவர்கள் இதைக் கவனித்தார்களா?

2023-ஐ ஞாபகப்படுத்துகிறேன். வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று மார்ச்சில் போலி வீடியோக்கள் பரவின. பயந்துபோய் ரயில் ஏறினவர்கள் உண்டு. பீகாரிலிருந்து அதிகாரிகள் திருப்பூருக்கு வந்து விசாரித்துப் போனார்கள். அதற்கு முன்பே ஜனவரியில் இன்னொரு வீடியோ சுற்றியது. அதில் துரத்துகிறவர்கள் அவர்கள், ஓடுகிறவர்கள் நம்மவர்கள். "படையெடுத்து வந்துட்டானுங்க" என்று டீக்கடையில் என்னிடம் சொன்னவர் மதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்து பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டுகிறவர். "நீங்க எப்பங்ணா படையெடுத்தீங்க?" என்று கேட்டேன். கோபித்துக்கொண்டார்.

கூலி குறைகிறதே என்ற அவர் ஆதங்கம் பொய்யில்லை. பீஸ் ரேட்டைக் குறைக்கிற கை யாருடையது என்பதுதான் கேள்வி. 1963-இல் வந்த 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகவாசி பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறான். எதற்கு? அவன் கிரகத்தில் விஞ்ஞானம் இருக்கிறது, கலை இல்லை. கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். எனக்கு அவன் படைத்தளபதியாகத் தெரியவில்லை, ஆள் பிடிக்க வந்த ஏஜெண்டாகத்தான் தெரிகிறான். திருப்பூரிலும் ஆள் தேவைப்பட்டது, ஏஜெண்ட் போனார், ஆட்கள் வந்தார்கள். கூப்பிட்டு வந்தவனைப் படையெடுத்தவன் என்பது என்ன கணக்கு?

கேம் மேலும் எனக்குப் புகார் உண்டு. அது வந்த 2005-இல் அமெரிக்கா ஈராக்கில் போர் நடத்திக்கொண்டிருந்தது. உள்ளூரில் பயத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் கதையைப் பத்திரமாக 1959-க்குக் கொண்டுபோனார்கள். தாத்தாவின் பயத்தைக் கேலி செய்தால் பேரன் காசு கொடுத்து வாங்குவான். பேரனின் பயத்தைக் கேலி செய்தால் வாங்குவானா? ரெட்ரோ என்கிற சொகுசு இதுதான்.

கேம் செய்யக் கற்றுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, திருப்பூர் மேப் ஒன்று போடுங்கள். வருஷம் 2023. பாத்திரப் பட்டறைகள் இருக்கிற ஊர், தட்டுக்குப் பஞ்சமில்லை. அவினாசி ரோட்டில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் மண்டைக்குள் கிரிப்டோ எட்டிப் பார்க்கட்டும்: சனிக்கிழமைச் சம்பளம், லைன் வீட்டு வாடகை, ஊருக்கு டிக்கெட். எது தமிழ், எது இந்தி என்று அவன் முழிக்கட்டும். முதல் காட்சியில் மாடு கட்டாயம் வேண்டும். காங்கேயம் மாடு.