சாலையைத் தடுப்பது எந்த ஆய்வு?

திருமங்கலத்திலிருந்து கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் வரும் தேசிய நெடுஞ்சாலை 744-ஐ நான்குவழியாக்கும் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு குறையும் கூடவே எழும்: சுற்றுச்சூழல் ஆய்வு, சமூக ஆய்வு என்று ஆளாளுக்கு முட்டுக்கட்டை போட்டால் சாலை எப்படி வரும்? சாலை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. முகூர்த்த நாளில் ராஜபாளையத்துக்குள் பேருந்தில் மாட்டிக்கொண்டவர் எவரும் சொல்லமாட்டார். ஆனால் அந்த முட்டுக்கட்டையை யாருமே போடவில்லை.

2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை 2013-இல் தளர்த்திவிட்டார்கள். அகலப்படுத்தும் நெடுஞ்சாலை 100 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும்; கூடுதலாக எடுக்கும் நிலம் பழைய தடத்தில் 40 மீட்டர், புறவழியில் 60 மீட்டர் அகலத்தையும் தாண்ட வேண்டும். அப்போதுதான் முன் அனுமதி கட்டாயம். திருமங்கலம்–ராஜபாளையம் சுமார் 71 கிலோமீட்டர். கணக்கிலேயே வராது. ராஜபாளையம் சத்திரப்பட்டி சாலை ரயில்வே மேம்பாலப் பணி ஆண்டுக்கணக்கில் ஊரைப் படுத்தியதே, அதற்கு எந்தச் சுற்றுச்சூழல் அனுமதி குறுக்கே நின்றது?

‘71 கிலோமீட்டர்தானே, இதற்கு எதற்கு ஆய்வு?’ என்பார்கள். இதே சாலையின் அடுத்த துண்டு ராஜபாளையம்–செங்கோட்டை. இரண்டையும் சேர்த்தால் நீளம் நூறைத் தாண்டிவிடும். விழுப்புரம்–நாகப்பட்டினம் சாலையை, சுமார் 180 கிலோமீட்டர், நான்கு தொகுப்பாகப் பிரித்த வழக்கில் 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிரிப்பதே தவறு என்று அது சொல்லவில்லை. அனுமதியிலிருந்து நழுவுவதற்கான உத்தியாகப் பிரிக்கக் கூடாது என்றது.

‘திட்ட அறிக்கையிலேயே பொறியாளர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார்கள்’ என்பது அடுத்த வாதம். நம் ஊர்ப் பக்கம் இதுதான் ஆபத்தானது. மேற்கே உள்ள மலையில் பெய்யும் மழை கிழக்கு நோக்கி இறங்குகிறது. சாலையோ மலைக்கு இணையாக ஓடுகிறது. ஆக, ஓடைகளும் வரத்துக்கால்களும் சாலையைக் குறுக்கே கடந்துதான் கண்மாய் சேர வேண்டும். மேல் கண்மாய் மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய் பெருகும். சிறுபாலத்தின் தளம் வரத்துக்காலின் அடிமட்டத்தைவிட அரை அடி உயர்ந்துவிட்டால், அடைமழை வருஷத்தில் ஒன்றும் தெரியாது. மழை குறைந்த வருஷத்தில் தெரியும்: சாலைக்கு மேற்கே தண்ணீர் தேங்கும், கிழக்கே மடை திறக்க வேலை இருக்காது. எந்தக் கால் செத்துவிட்டது, எது இன்னும் தண்ணீர் கொண்டுவருகிறது என்பது வரைபடத்தைவிட, கண்மாய்த் தண்ணீரைத் திறந்து பாய்ச்சும் நீர்பாய்ச்சிக்குத்தான் நன்றாகத் தெரியும். அவரைக் கூப்பிட்டுக் கேட்கும் இடம் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம். அனுமதியே தேவையில்லாத சாலைக்கு அந்தக் கூட்டமும் கட்டாயமில்லை.

‘ஆட்சேபம் சொல்லத்தான் வாய்ப்புத் தருகிறார்களே?’ தருகிறார்கள், 21 நாள், அதுவும் அந்த நிலத்தில் பாத்தியதை உள்ளவருக்கு. 2013 நிலம் எடுப்புச் சட்டத்தின் இழப்பீடும் மறுகுடியமர்வும் 2015-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் வந்தன. சமூகத் தாக்க மதிப்பீடு மட்டும் வரவில்லை. அதனால் பட்டா இல்லாத கூலியாள், கண்மாய்ப் புல்லை நம்பி ஆடு மேய்ப்பவர், புறவழி திறந்தபின் கார்கள் நிற்காமல் போய்விடும் பால்கோவாக் கடைக்காரர் எவருக்கும் அந்த ஆட்சேப நடைமுறையில் இடமில்லை.

சாலையை உயர்த்தக் கொட்டும் மண்ணின் கதையும் இப்படித்தான். சாலைப் பணிக்கு மண் அள்ள முன் அனுமதி வேண்டாம் என்று 2020 மார்ச்சில் மத்திய அரசு விலக்குக் கொடுத்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இடைப்பட்ட நான்கு வருஷத்தில் நாடெங்கும் தோண்டிய குழிகளை எந்தத் தீர்ப்பு மூடும்?

மரத்துக்கு மரம் நடுவதாகச் சொல்வதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சாலையோரப் புளியமரத்துக்குப் பதில் நட்ட கன்றுக்குச் சித்திரை வெயிலில் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று போய்ப் பார்த்தால் போதும்.

ராஜபாளையம்–செங்கோட்டைத் துண்டில் தென்காசி மாவட்ட விவசாயிகள் வயலையும் குளத்தையும் விட்டு விலகிய மாற்றுத் தடம் கேட்டு வருகிறார்கள். அங்கே முழு ஆய்வையும் கருத்துக் கேட்பையும் சட்டம் கட்டாயப்படுத்தாமல் போகலாம். நடத்தக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.