பிள்ளைகளின் சோகமும் பாடத்தில் சேரட்டும்

குழந்தைகளுக்கென்று நாம் எழுதித் தரும் பாடல்களில் பெரும்பாலானவை குழந்தைகளைக் குறைத்து மதிப்பிடுபவை. பூனை, நிலா, ரயில் வண்டி, எப்போதும் மகிழ்ச்சி. 1970களின் நடுவில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், லாங்லி வட்டாரப் பள்ளிகளுக்கு இசை ஆசிரியராக வந்த ஹான்ஸ் ஃபெங்கர் இதை ஏற்கவில்லை. பிள்ளைகள் வானொலியில் கேட்டு ரசித்த ராக், பாப் பாடல்களையே வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். பீச் பாய்ஸ், பால் மெக்கார்ட்னி, டேவிட் போவி. விண்வெளியில் தொலைந்துபோகும் மனிதனைப் பற்றிய போவியின் பாட்டைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகப் பாடினார்கள். சைலஃபோன் தட்டினார்கள், மேளம் அடித்தார்கள். 1976, 77இல் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் அதையெல்லாம் பதிவு செய்து, சில இசைத்தட்டுகள் மட்டும் அச்சிட்டு வீடுகளுக்குக் கொடுத்தார்கள். சுருதி அங்கங்கே விலகுகிறது, தாளமும் தடுமாறுகிறது. எனக்கு அது குறையாகவே படவில்லை. தனிமை, பயம், பிரிவு எல்லாம் ஒன்பது வயதிலேயே தெரியும்; அதைச் சொல்லப் பாட்டுதான் கிடைப்பதில்லை. ஃபெங்கர் அதைக் கொடுத்தார். திருத்தித் திருத்திப் பாடவைத்திருந்தால் அந்தக் குரல்களில் இருக்கும் ஆவேசம் போயிருக்கும். போட்டியில் பரிசு வாங்குவதற்காக மட்டும் பிள்ளைகளைப் பாடவைக்கும் பள்ளிகள் இந்தப் பதிவை ஒருமுறையாவது கேட்க வேண்டும். 2001இல் குறுந்தகடாக வெளிவந்தபோது மனமாரப் பாராட்டியவர்களில் டேவிட் போவியும் ஒருவர்.